சின்ன சிஸ்டர் எழுந்து நின்றால்

பனங்கரடு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில், சிக்கலான ஒரு பிரசவத்தை முடித்துவிட்டு ஞானசவுந்தரி சிஸ்டர் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது, அவளுடைய பயம் அவளை விட்டுக் கீழே இறங்கியது. நெஞ்சுக்கூட்டுக்குப் பின்னால் இத்தனை வருஷமாகக் குறுகி உட்கார்ந்திருந்தது, காலை நீட்டி, முதுகை நிமிர்த்தி, நெரிசலான பஸ்ஸிலிருந்து இறங்குகிற பெண்ணைப் போலச் சேலைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு, அவளைத் தாண்டிப் போய், சொந்தக்காரர்கள் காத்திருக்கிற வாசல் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தது. அவள் குழாயை மூடினாள், கையைத் துடைத்தாள், திரும்பிப் பார்த்தாள். ஒல்லியான பெண். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, இப்போதெல்லாம் எந்த நர்ஸும் வைத்துக்கொள்ளாத வெள்ளைத் துணித் தொப்பி. முகம் அவளுடைய முகம்தான், ஆனால் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருந்த முகம். ஏனென்றால் அந்த வயதில்தான், பெற்ற பிள்ளையைக் கையில் வாங்கிச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு தாய், சிரித்த வாய் மூடுவதற்குள் உயிரை விட்டுவிட, அன்றைக்கு அந்தப் பயம் அவளுக்குள் ஏறியது. அவளுக்கு வயதாகிக்கொண்டே வந்தது. பயம் மட்டும் ஏறின வயதிலேயே இருந்துவிட்டது.

அதைப் பார்த்து வார்டில் யாரும் அலறவில்லை. பிரசவ வார்டு என்பது ஒருத்தியாகப் போய் இரண்டு பேராகத் திரும்புகிற இடம். அங்கே ஓர் ஆள் கூடிவிட்டதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள யாருக்கும் நேரமில்லை. தரை துடைத்துக்கொண்டு வந்த ஆயா வெள்ளையம்மா பெஞ்சருகே வந்ததும் காலைத் தூக்கும்மா என்றாள், அது தூக்கிக்கொண்டது. வாட்ச்மேன் வந்து பாஸ் எங்கே என்று கேட்டார். அது என்னுடையதுதான் என்று சவுந்தரி சிஸ்டர் உள்ளேயிருந்து சொன்னாள். அப்படியென்றால் பார்வை நேரம் முடிந்ததும் கிளம்பச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார். வெள்ளையம்மாவுக்கு மனசு கேட்காமல் அதற்கும் ஒரு டம்ளர் டீ வாங்கிவந்து பக்கத்தில் வைத்தாள். அது குடிக்கவில்லை, ஆனால் கொதிக்கக் கொதிக்க வைத்த டீ, வைத்த கையை எடுப்பதற்குள் ஆறி ஆடை படிந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் அதற்குச் சின்ன சிஸ்டர் என்று பெயரும் வந்துவிட்டது.

சவுந்தரி சிஸ்டரைக் கைராசிக்காரி என்று சுற்றுவட்டாரமெல்லாம் சொல்லும். அவள் டியூட்டியில் இருக்கிற நேரமாகப் பார்த்து வலி எடுக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிற பெண்கள் உண்டு. அந்தக் கைராசி எப்படிப்பட்டது என்பது அவளுக்கும் அவள் புருஷன் அருள்தாஸுக்கும் மட்டும் தெரியும். வேலை முடிந்து பஸ் ஸ்டாண்டு வரை போனவள், யாரோ ஒருத்தியின் வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் வந்துவிட்டோமோ என்று திரும்பி ஓடுவாள். கழுவின கத்தரியை மறுபடி கழுவுவாள், எடுத்துவைத்த ஊசி மருந்தை மறுபடி எடுத்துப் பெயர் படிப்பாள். எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாந்தியெடுப்பாள்; முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி வெளியே வருவாள். சோற்றில் பாதியை மிச்சம் வைப்பாள், தூக்கத்தில் பாதியைத் தொலைப்பாள். இதுதான் கைராசி என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. உள்ளே ஒரு வியாதி இருக்கிறது, அதையும் மீறித்தான் ஒழுங்காக வேலை பார்க்கிறோம் என்றுதான் நினைத்திருந்தாள்.

அதனால் அது இறங்கிப் போனதில் அவளுக்குச் சந்தோஷம்தான். அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தட்டு நிறையச் சாப்பிட்டாள். படுத்ததும் தூங்கினாள், விடிந்த பிறகுதான் எழுந்தாள். கன்னத்தில் சதை போட்டது. ஊசி பிடிக்கிற கையில் எப்போதும் இருந்த, யாருக்கும் தெரியாத சின்ன நடுக்கம் நின்றுபோய், அவள் போடுகிற தையல் நாற்று நட்டது போல வரிசை பிசகாமல் விழுந்தது. டாக்டர் நஸீமா அதைப் பார்த்துவிட்டு, இப்படித் தையல் போட்டால் நான் எதற்கு என்று சிரித்தார். கைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எத்தனையோ பிள்ளைகளை வாங்கின கை, அவளைக் கேட்காமலேயே அடுத்ததைச் செய்தது, அதற்கடுத்ததைச் செய்தது, முடித்துவிட்டு வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது. சில நாட்களில் அவள் வீட்டுக்குப் போகிற வழியில் யோசித்துப் பார்ப்பாள். அன்றைக்குப் பிரசவம் பார்த்தவளின் முகம் ஞாபகத்துக்கு வராது.

பால் சொசைட்டியில் வேலை பார்த்த அருள்தாஸ் ஒருநாள் வண்டியிலிருந்து விழுந்து, முழங்கால் கிழிந்து, ரத்தம் வழிய வீட்டுக்கு வந்தார். அவள் காயத்தைக் கழுவினாள், மருந்து வைத்தாள், அழகாகக் கட்டுப் போட்டாள், சாப்பிட வாங்க என்றாள். அவர் காத்திருந்தார். சாப்பிட்டு முடித்து, கை கழுவி, அப்போதும் காத்திருந்தார்.

"நீ ஒரு வார்த்தை திட்டலயே சவுந்தரி" என்றார்.

"திட்டுற மாதிரி ஒண்ணும் தோணலங்க" என்றாள் அவள். உண்மையைத்தான் சொன்னாள். அவர் எழுந்து நொண்டிக்கொண்டே போய்ப் படுத்துக்கொண்டார். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளும் போனில் அதையேதான் வேறு மாதிரி கேட்டாள்: அம்மா, நான் ஊர் போய்ச் சேர்ந்தேனா இல்லையா என்று இந்தத் தடவை நீ கேட்கவே இல்லையே.

சின்ன சிஸ்டர் எழுந்து நிற்கும் என்பதை முதலில் கவனித்தது வெள்ளையம்மா. ஒரு மத்தியானம், எல்லாம் சரியாக இருந்த ஒரு பெண்ணின் கட்டிலைப் பார்த்து அது பெஞ்சிலிருந்து எழுந்து நின்றது. வெயிலுக்குக் காலை நீட்டுகிறது என்று வெள்ளையம்மா நினைத்தாள். சற்று நேரத்தில் அந்தப் பெண்ணுக்கு ஜன்னி கண்டது. அடுத்த தடவை அது எழுந்தபோது வெள்ளையம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் கத்தினாள், டாக்டர் ஓடிவந்தார், தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்த பிள்ளையை முன்கூட்டியே எடுத்துக் காப்பாற்றினார்கள். அதற்குப் பிறகு வார்டே பெஞ்சைப் பார்க்க ஆரம்பித்தது. உட்கார்ந்திருந்தால் நிம்மதி, எழுந்தால் ரத்தத்துக்குச் சொல்லு, ஆம்புலன்ஸுக்குச் சொல்லு. டாக்டர் நஸீமாகூட உள்ளே நுழையும்போது முதலில் பெஞ்சை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கட்டில்களுக்குப் போனார். அது உட்கார்ந்திருந்த நேரங்களில் மற்ற நர்ஸுகள் நாடி பார்க்கிற இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாக நீண்டதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அடுப்பில் பால் இருக்கும்போது பக்கத்தில் ஒருத்தர் நின்றால் நாம் திரும்பிக்கொள்வது போல அது நடந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு விஷயம் நடந்தால் கேட்டைத் தாண்டப் பொழுது ஆகாது. சின்ன சிஸ்டரின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்தால் மனசு லேசாகிறது என்று யாரோ சொன்னார்கள். மகனுக்கு மோட்டார் பைக் வாங்கிக்கொடுத்துவிட்டுத் தூங்காமல் கிடந்த ஒருத்தி வந்து உட்கார்ந்தாள், எழுந்து போகும்போது பாட்டுப் பாடிக்கொண்டு போனாள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் வந்தார்கள். கிணறு வெட்டுகிறவர்கள், பட்டாசுக் கடைக்காரர், கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற லைன்மேன், புதிதாகக் கல்யாணமான பெண்கள், கப்பலில் வேலைக்குப் போகிறவர்கள், அவர்களுடைய அம்மாக்கள் எல்லாரும் வந்தார்கள். வந்தவர்கள் தங்களுடைய பயத்தை அதன் மடியில் வைத்துவிட்டுப் போனார்கள். அது வாங்கி வாங்கி வளர்ந்தது. மரப் பெஞ்சு முறிந்தது, கல் பெஞ்சு போட்டார்கள். வாசல் நிலை தலையில் இடித்தது, வெளியே வேப்பமரத்தடிக்கு மாற்றினார்கள். உள்ளூர் மினிபஸ்காரர் அதை முன்சீட்டில் உட்காரவைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார், அது வாசலுக்குள் நுழையவில்லை, கூரைமேல் ஏற்றிக்கொண்டு போனார். ஐயப்பன் கோயில் தீமிதியின்போது அதைக் குழியோரமாக நிறுத்தினார்கள். அது எங்கே கூப்பிட்டாலும் போனது. யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. தொப்பி மட்டும் அந்தப் பெரிய தலையின் உச்சியில் தபால்தலை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

ஊருக்குப் பயம் இல்லாமல் போயிற்று. முதலில் அது கல்யாண வீடு மாதிரி இருந்தது. பிறகு, சின்னச் சின்னதாக ஏதேதோ நடந்தது. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றோரமாகப் பிள்ளைகள் விளையாடினார்கள், பெற்றவர்கள் எட்டிப் பார்த்து, சின்ன சிஸ்டர் உட்கார்ந்துதானே இருக்கிறது என்று உள்ளே போனார்கள். லைன்மேன் கையுறையை வீட்டில் வைத்துவிட்டுக் கம்பத்தில் ஏறி, தூக்கியெறியப்பட்டு, புண்ணியத்துக்கு வைக்கோல் போரில் விழுந்தான். அடுப்பை அணைக்க மறந்தார்கள். மருந்தைப் பார்க்காமல் குடித்தார்கள். ஒவ்வொரு தடவையும் மயிரிழையில் தப்பினார்கள், தப்பினவர்களுக்குக் குலை நடுங்கவில்லை, அதனால் மறுநாளும் அதையே செய்தார்கள். வெள்ளையம்மா ஒருத்திதான் தன்னுடையதைக் கொண்டுபோய் வைக்காமல் இருந்தாள். கொடுக்கிற அளவுக்குத் தன்னிடம் மிச்சமில்லை என்று அவள் சொன்னாள்.

தன்னிடமிருந்து போனது என்ன என்பது சவுந்தரி சிஸ்டருக்குத் தெரியவந்தது ஒரு குழந்தையால். பிறந்த குழந்தை அழவில்லை. நீலம் பாரித்து அவள் கையில் துவண்டு கிடந்தது. என்ன செய்யவேண்டும் என்று அவளுக்குத் தெரியும், செய்யவும் செய்தாள். துடைத்தாள், உள்ளங்காலைத் தட்டினாள், மூக்கை உறிஞ்சினாள். ஆனால் அவள் கைகளில் அவசரம் இல்லை. மழை பெய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறவளைப் போல, இது நீலமாக இருக்கிறது, இது இன்னும் கொஞ்சம் நீலமாக ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளையம்மா அலறிக்கொண்டு ஓடி மூச்சுக் கொடுக்கிற பையை எடுத்து அவள் கையில் திணித்தாள். குழந்தை அழுதது. தாய் அழுதாள், வெள்ளையம்மா அழுதாள். சவுந்தரி சிஸ்டர் தையலுக்கு ஊசி எடுத்தாள்.

பல் பிடுங்குவதற்கு மரத்துப்போக ஊசி போட்டவர்கள், உள்கன்னத்தைத் தாங்களே கடித்துக்கொண்டு சாப்பிடுவார்கள். வாயில் உப்புக் கரிக்கும்போதுதான் ரத்தம் என்று தெரியும். அவள் நிலைமை அப்படி இருந்தது. பயப்பட்டிருக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது, கணக்குப் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்வது போலத் தெரிந்தது, ஆனால் எந்த இடத்திலும் வலிக்கவில்லை. இத்தனை வருஷமும் கை தனியாகவும் பயம் தனியாகவும் இருந்ததாக அவள் நினைத்திருந்தாள். என்ன செய்வது என்று கைக்குத் தெரிந்திருந்தது. எப்போது என்பதைச் சொன்னது பயம்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் வேப்பமரத்தடிக்குப் போனாள். அதன் முட்டி அவள் தோளுக்கு வந்தது. திரும்பி வந்துவிடு என்று சொன்னாள். அது குனிந்து அவளைப் பார்த்தது. தன் பெரிய குளிர்ந்த கையை அவள் நெஞ்சின்மேல் வைத்து, வழி தேடுவது போல அங்கேயும் இங்கேயும் தடவியது. ஒரு விரல்கூட உள்ளே போகவில்லை. ஊர்ச் சாமானெல்லாம் ஏற்றின வண்டி சந்துக்குள் திரும்ப முடியாமல் நிற்பது போல அது நின்றது. அவள் அதன் கையைத் தள்ளிவிடாமல் நெடுநேரம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனாள். அழுகைகூட வரவில்லை.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. விடாத மழை. பெரிய கண்மாய் நிறைந்து, கரை சேறாகி, எந்த நேரமும் உடையும் என்று ஆயிற்று. உடைந்தால் ஊரில் கீழத்தெரு இருக்காது. பேரூராட்சித் தலைவர் ஒரு காலையில் டிராக்டரைக் கொண்டுவந்து, சின்ன சிஸ்டரைக் கரைக்குக் கூட்டிப்போக வேண்டும், அது எழுந்து நின்றால் தெருவைக் காலி செய்கிறோம், அது வரைக்கும் ஜனங்கள் நிம்மதியாக இருக்கட்டும் என்றார். டாக்டர் நஸீமா மாவட்டத் தலைநகரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். முடிவு சொல்கிற பொறுப்பு சவுந்தரி சிஸ்டருடையது. வார்டில் வலியோடு ஒரே ஒரு பெண் இருந்தாள், மற்றவர்கள் பெற்று முடித்தவர்கள். கூட்டிப் போங்க என்றாள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்குக் காரணம் எதுவும் தென்படவில்லை. வெள்ளையம்மா மட்டும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, டிராக்டர் போன வழியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த ஒரு பெண்ணின் பெயர் பூங்கனி. தலைச்சன். மத்தியானத்துக்கு முன்னாலேயே நல்லபடியாகப் பிரசவித்தாள். பெண் குழந்தை, பிறந்ததும் அழுதது. நஞ்சுக்கொடி முழுசாக வந்தது, வயிற்றின்மேல் கை வைத்தால் கருப்பை தேங்காய் மாதிரி இறுகியிருந்தது, ரத்தம் போக வேண்டிய அளவுக்குமேல் போகவில்லை. பூங்கனியின் மாமியார் குருவம்மாள் வார்டு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். மரத்தடியில் காலியாகக் கிடந்த கல் பெஞ்சை ஜன்னல் வழியாகக் காட்டி, சின்ன சிஸ்டர் இருந்திருந்தாலும் உட்கார்ந்துதான் இருக்கும் என்று சிரித்தாள். சவுந்தரி சிஸ்டர் கை கழுவிக்கொண்டு சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.

பூங்கனி அவளைக் கூப்பிட்டாள். எனக்கு என்னமோ பண்ணுது என்றாள். என்ன செய்கிறது என்று கேட்டதற்குத் தெரியவில்லை என்றாள், பயமாக இருக்கிறது என்றாள். முதல் பிள்ளைக்காரிகள் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், காப்பியைக் குடித்துவிட்டுத் தூங்கு என்று குருவம்மாள் சொன்னாள்.

ஒண்ணுமில்ல, பயப்படாதே. அந்த வார்த்தை சவுந்தரி சிஸ்டரின் நாக்கு நுனி வரை வந்தது. கணக்கில்லாத பெண்களிடம் சொன்ன வார்த்தை; ஆறுதலாகச் சொன்ன வார்த்தை; சொல்லிவிட்டுப் பக்கத்துக் கட்டிலுக்குப் போன வார்த்தை. அதை அத்தனை பேரிடமும் சொன்னது அவர்களுக்காக இல்லை, தனக்குள்ளே அலறிக்கொண்டிருந்த ஒருத்தியின் வாயைப் பொத்துவதற்காக என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது. உள்ளே பொத்துவதற்கு இன்றைக்கு வாய் இல்லை. உள்ளே நிசப்தமாக இருந்தது. அந்த வார்டில் பயம் என்று ஒன்று இருந்தால் அது கட்டிலில் படுத்துக்கொண்டு அவள் சேலை முனையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன மாதிரி பயம் தாயி? எனக்கு அது தெரியல. நீதான் சொல்லணும்."

பூங்கனி கண்ணை மூடிக்கொண்டாள். "கிணத்துல வாளி இறங்குமில்ல சிஸ்டர். கயித்த விட்டுட்டா எப்படிப் போகும். அந்த மாதிரி போயிட்டே இருக்கேன். மேல வெளிச்சம் சின்னதாகிட்டே வருது."

சவுந்தரி சிஸ்டர் போர்வையை விலக்கினாள். துணியில் பெரிதாக ரத்தம் இல்லை. வயிற்றின்மேல் கையை வைத்தாள். தேங்காய் இருந்த இடத்தில் தேங்காய் இல்லை. பிசைந்த மாவு மாதிரி ஒன்று தொப்புளுக்குமேல் ஏறி நின்றது. கருப்பை தளர்ந்து, வெளியே வராத ரத்தம் உள்ளேயே தேங்கிக்கொண்டிருந்தது. மணிக்கட்டைப் பிடித்தாள், நாடி நூலாக ஓடியது.

மற்றது கைக்குத் தெரியும். வெள்ளையம்மாவைக் கூப்பிட்டாள், ஆம்புலன்ஸுக்கும் டாக்டருக்கும் போன் போடச் சொன்னாள், கூட இருந்த நர்ஸை இரண்டு கையிலும் குளுக்கோஸ் ஏற்றச் சொன்னாள், ஊசி போட்டாள், வயிற்றைத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கக் கட்டி கட்டியாக ரத்தம் வெளியே வந்து கட்டிலை நனைத்துத் தரைக்கு வந்தது. குருவம்மாள் குழந்தையை அணைத்துக்கொண்டு சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தாள். வெள்ளையம்மா போனைச் சவுந்தரி சிஸ்டரின் காதில் வைத்துப் பிடித்தாள். சாலை முழுக்கத் தண்ணீர், ஆம்புலன்ஸ் சுற்றித்தான் வரவேண்டும், நான் எப்படியாவது ரத்தத்தோடு வந்துவிடுகிறேன், அதுவரை உள்ளே ஒரு கையும் வெளியே ஒரு கையுமாக அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள், எடுத்துவிடாதீர்கள் என்றார் டாக்டர் நஸீமா. அவர் குரல் நடுங்கியது. சவுந்தரி சிஸ்டர் சரி மேடம் என்றாள். உள்ளே ஒரு கையை முஷ்டியாக்கி, வெளியே ஒரு கையால் வயிற்றை அமுக்கி, நடுவில் கருப்பையைப் பிடித்து நசுக்கிக்கொண்டு நின்றாள்.

நின்றாள். தோள் எரிந்தது, பிறகு மரத்தது. ரத்தம் குறைந்தது, பிறகு நின்றது போலிருந்தது. அப்போது அவளுக்குள் இருந்த அந்த அமைதி மெதுவாகப் பேசியது. நின்றுவிட்டது, போதும், கையை எடு, உனக்கும் வலிக்கிறது என்றது. நல்ல குரல், நியாயமான குரல். கை அதைக் கேட்டு லேசாகத் தளரவும் ஆரம்பித்தது. அவள் அந்தக் குரலை நம்பாமல் பூங்கனியைப் பார்த்துக் குனிந்தாள்.

"வாளி எங்க இருக்கு?"

"கீழதான் சிஸ்டர். இன்னும் கீழ போகுது."

அவள் மறுபடி முஷ்டியை இறுக்கினாள். மழை ஜன்னல் கம்பிகளில் தெறித்தது. வெள்ளையம்மா அவள் முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். சவுந்தரி சிஸ்டர் கேட்டுக்கொண்டே இருந்தாள், பூங்கனி சொல்லிக்கொண்டே இருந்தாள். தண்ணியைத் தொட்டுருச்சு என்றாள் ஒரு தடவை. அப்போது சவுந்தரி சிஸ்டர் கட்டிலின் மேலேயே ஏறி முழங்காலில் நின்று, தன் எடை முழுவதையும் கொடுத்து அமுக்கினாள். அதற்குப் பிறகு நெடுநேரம் பதிலே வரவில்லை. வெள்ளையம்மா பூங்கனியின் கன்னத்தைத் தட்டினாள்.

"வாளி?" என்றாள் சவுந்தரி சிஸ்டர்.

"ஆடுது" என்றாள் பூங்கனி. "யாரோ பிடிச்சிருக்காங்க."

அந்த நேரத்தில் கண்மாய்க் கரையில் நடந்தது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு மடை அளவுக்குப் பெருத்துப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த சின்ன சிஸ்டர் சட்டென்று எழுந்து நின்றது. கரையில் இருந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். அது தண்ணீரைப் பார்க்கவில்லை. கண்மாய்க்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஆஸ்பத்திரி இருக்கிற திசையில் மழைக்குள் நடக்க ஆரம்பித்தது. நில்லு நில்லு என்றார் தலைவர். அது நிற்கவில்லை. அது போன பிறகு பார்ப்பதற்கு வேறெதுவும் இல்லாமல் அவர்கள் தண்ணீரைப் பார்த்தார்கள். அந்த மழைக்காலத்தில் முதல்முறையாக அவர்களே பார்த்தார்கள். கரையின் காலடியில் மண் கரைந்து ஒரு கயிறு மாதிரி நீர் கசிந்துகொண்டிருந்தது, காலையிலிருந்தே கசிந்திருக்க வேண்டும். கொடுத்துவிட்ட பயம் ஒவ்வொருவருக்கும் திரும்பி வந்தது. மணல் மூட்டைக்கு ஆள் ஓடியது, தெருவைக் காலி செய்ய ஆள் ஓடியது.

சின்ன சிஸ்டர் தெருத்தெருவாக நடந்து வந்தது. அது வாசலைத் தாண்டிப் போவதைப் பார்த்தவர்களுக்கெல்லாம் தங்களுடையது திரும்பி வந்து ஒட்டிக்கொண்டது. பைக் வாங்கிக்கொடுத்தவள் மகனுக்குப் போன் போட்டாள். கிணற்றோரத்துப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கையைப் பிடித்து இழுத்து முதுகில் ரெண்டு வைத்தார்கள். லைன்மேனின் மனைவி கையுறையை எடுத்துக்கொண்டு மழையில் ஓடினாள். ஒரு தெருவுக்கு ஒரு முழம் என்று அது குறைந்துகொண்டே வந்தது. ஆஸ்பத்திரி கேட்டுக்கு வந்தபோது வாட்ச்மேன் பார்த்தது, தொப்பி நனைந்து தொங்க, குளிரில் வெடவெடக்கிற ஒல்லியான ஒரு பெண்ணை. அவர் பாஸ் கேட்கவில்லை.

அதற்குமுன் டாக்டர் நஸீமா வந்துவிட்டார். யாருடைய டிராக்டரிலோ நின்றுகொண்டு, ரத்தப் பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். வேண்டியதையெல்லாம் அவரே செய்தார், வேகமாகவும் அழகாகவும் செய்தார். கருப்பை இறுகியது. ரத்தம் ஏற ஏறப் பூங்கனியின் உதட்டில் நிறம் வந்தது. எல்லாம் அடங்கின பிறகு அவர் சவுந்தரி சிஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டு, எப்படித் தெரிந்தது சிஸ்டர், பெஞ்சு காலியாகத்தானே இருந்தது என்று கேட்டார். அந்தப் பெண்தான் சொன்னாள் என்றாள் அவள். டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டுக் கட்டில் கட்டிலாகப் போய், ஒவ்வொருத்தியிடமும் குனிந்து ஏதோ கேட்க ஆரம்பித்தார்.

சவுந்தரி சிஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் அவளுடையது இல்லாதது போல மடியில் கிடந்தன. சின்ன சிஸ்டர் ஈரம் சொட்டச் சொட்ட வார்டுக்குள் வந்து, அவளுக்குப் பின்னால் வந்து நின்றது. அவள் திரும்பவில்லை. முதுகில் சில்லென்று ஒரு ஈரம் பட்டது, விலா எலும்புகள் கொஞ்சம் விலகிக் கொடுத்தன, அவ்வளவுதான். அப்புறம் விரல் நுனியில் ஆரம்பித்து, மணிக்கட்டு, முழங்கை, தோள், தாடை என்று அவளுக்கு நடுக்கம் கண்டது. கழிப்பறைக்குப் போகலாம் என்று எழுந்தாள், கால் நிற்கவில்லை, உட்கார்ந்துவிட்டாள். இவள் செத்திருப்பாள் என்ற நினைப்பு அப்போதுதான் அவளுக்கு வந்தது. செத்திருப்பாள், நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். வார்டில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மறைக்க முடியவில்லை. வெள்ளையம்மா வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பூங்கனி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள்.

"சிஸ்டர், பயமா இருக்கா?"

சவுந்தரி சிஸ்டர் எப்போதும் சிரிக்கிற சிரிப்பைச் சிரித்துப் பார்த்தாள், உதடு ஒத்துழைக்கவில்லை. "ஆமா தாயி" என்றாள். "ரொம்ப."

பூங்கனி ஊசி ஒட்டியிருந்த கையை மெதுவாக நகர்த்தி, கட்டில் ஓரத்தில் அவள் கை வைக்கிற அளவுக்கு இடம் விட்டாள். "என்ன மாதிரின்னு சொல்லுங்க" என்றாள்.

சவுந்தரி சிஸ்டருக்கு முதல் வார்த்தை வருவதற்கு வெகுநேரமாயிற்று. அது வந்து, அடுத்ததும் வந்து, அவள் சொல்லத் தொடங்கின பிறகு, பக்கத்துக் கட்டில்களில் இருந்த பெண்கள் பிள்ளைகளை அணைத்தபடி ஒவ்வொருத்தியாக அவள் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள்.